கழுதையின் ஐந்தாவது கால்

எந்தப் புதிய இடத்துக்குப் போனாலும் சேக் இஸ்மாயில் உடனே உட்கார மாட்டார். முதலில் அந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குடிதண்ணீர் எங்கே இருக்கிறது, கை கழுவும் இடம் எந்தப் பக்கம், தலைக்கு மேலுள்ள மின்விசிறிக்கு எந்தச் சுவிட்சு, வெளியேற எத்தனை வாசல் என்பவற்றையெல்லாம் கண்ணால் கண்டு, தேவையானால் கையால் தொட்டும் பார்த்த பிறகுதான் அவர் முதுகு நாற்காலியில் சாயும். திருமண மண்டபமானாலும் மருத்துவமனையானாலும் இதே வழக்கம். பெண் பார்க்கப் போன வீட்டிலேயே கொல்லைப்புறம் வரை நடந்து, கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

"பொண்ணப் பாக்க வந்தாரா, வீட்ட வெலைக்குக் கேக்க வந்தாரான்னு எங்க அத்தா பயந்தே போயிட்டாரு" என்று அவர் மனைவி சைனப் இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வழக்கத்தால் அவருக்கு நாற்பத்தைந்து வயது வரை ஒரு கேடும் விளைந்ததில்லை. கேடு விளைந்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இஸ்மாயில் மதுரையின் பழைய நகரத்துக்குள் ஒரு தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியர். அந்த ஆண்டு, பாடங்கள் இனிமேல் அசைய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வீதம் சமயநல்லூரிலுள்ள மண்டல உயிரூட்டுப் பயிற்சி நடுவத்துக்குப் போய், அனிமேஷன் எனப்படும் பொம்மைப் படம் செய்யும் மென்பொருளைக் கற்று, அசையும் பொம்மை ஒன்றோடு திரும்ப வேண்டும். இஸ்மாயில் பெயர் எழுதப்பட்டது. பொம்மையை யார் வரைவது என்ற கேள்வி எழுந்தபோது, இரண்டாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "நாங்க!" என்றது.

அவர்கள் ஒரு கழுதையை வரைந்தார்கள். தலையை ஒரு கூட்டம் வரைந்தது; வயிற்றை ஒரு கூட்டம்; காலுக்கு ஒருவராக நான்கு பேர். எல்லாம் முடிந்து வாலும் ஒட்டிய பிறகு, காய்ச்சலில் படுத்திருந்த ஷிபா வந்து சேர்ந்தாள்.

"எனக்கு எந்தக் காலு சார்?"

நான்கு காலும் முடிந்துவிட்டன என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே கழுதைக்கு வயிற்றின் நடுவே ஐந்தாவது கால் ஒன்று முளைத்தது. ஷிபா அதற்குப் பச்சை நிறச் செருப்பும் மாட்டிவிட்டாள்.

"மத்த காலுக்கெல்லாம் செருப்பு எங்க?" என்றார் இஸ்மாயில்.

"அதுங்கள நான் வரையலயே சார். இந்த ஒரு காலுக்காவது வெயில்ல சுடாதுல்ல."

அந்த நியாயத்தை அவரால் மறுக்க முடியவில்லை. ஷிபா விடவில்லை. "என் காலும் அசையுமா சார்?" என்று கேட்டாள்.

"அதுதாம்மா மொதல்ல அசையும், இன்ஷா அல்லாஹ்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அவர் சமயநல்லூருக்குப் பேருந்து ஏறினார்.

நடுவம் நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய கட்டடம். கூடத்தில் வரிசை வரிசையாகக் கணினிகள் இருந்தன. அவை அனைத்தும் கடையிலிருந்து வந்த நெகிழி உறையோடு அப்படியே அமர்ந்திருந்தன. அவற்றைத் திறந்து வைக்கத் தகுதியான பிரமுகர் இன்னும் கிடைக்கவில்லை. மேடைமேல் இருந்த கணினி ஒன்று மட்டும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதில் தெரிவது சுவரிலிருந்த பெரிய திரையிலும் தெரியும். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் அனைவரும் அதைப் பார்த்தே கற்க வேண்டும். அந்தக் கணினியைத் தொடக்க விழாவில் முடுக்கினார்களாம். அணைப்பதற்கு நிறைவு விழா வேண்டும் என்பதால், அதன்பின் அதை யாரும் அணைத்ததில்லை.

மென்பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். திரையின் நடுவே பொம்மை நிற்கும். சுற்றிலும் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். அவற்றைப் பேனல் என்கிறார்கள். பொம்மைக்கு எலும்பு வைக்க ஒரு பேனல். அது எப்போது அசைய வேண்டும் என்று குறிக்கும் காலக்கோடு ஒரு பேனல். கேமராவுக்கு ஒரு பேனல். கேமராவின் முன் யார் அமர்ந்து தலையை ஆட்டினாலும் திரையிலுள்ள பொம்மையும் அப்படியே தலையை ஆட்டும். எந்தப் பேனல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஒரு பிற்பகலில் பழகிவிடலாம் என்று அதைச் செய்தவர்கள் எண்ணியிருப்பார்கள். பேனலுக்கு ஓர் அலுவலர் நியமிக்கப்படுவார் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நடுவத்தில் அப்படித்தான் நியமித்திருந்தார்கள். எலும்புப் பேனலுக்கு ஜானு மேடம். காலக்கோட்டுப் பேனலுக்கு ஆண்டிச்சாமி. கேமராவும் அவருக்கே கூடுதல் பொறுப்பு. எல்லாப் பேனலுக்கும் மேலே இயக்குநர் முனைவர் கண்ணுச்சாமி. ஒவ்வொருவருக்கும் தத்தம் பேனலுக்கு நேராக ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது.

இயக்குநர் முதல் நாள் உரையாற்றினார்.

"அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே! இந்த நடுவம் தொடங்கிய நாளிலிருந்து, இங்கே ஒரு பொம்மைகூட அனுமதியில்லாமல் அசைந்ததில்லை. இன்னும் சொல்லப்போனால், அனுமதியோடும் அசைந்ததில்லை. அப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு! இங்கே யாருடைய முகமும் முன்னிறுத்தப்படுவதில்லை. மென்பொருளே அதைச் சொல்லுகிறது, பாருங்கள்."

திரையின் மூலையில் 'முகம் தெரியவில்லை' என்ற எச்சரிக்கை மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சுவரில் இயக்குநர் மாலையும் கழுத்துமாக நிற்கும் படங்கள் இருந்தன. ஆசிரியர்கள் கைதட்டினார்கள்.

"அடுத்து, அன்டூ. செய்ததைச் செய்யாததாக்கிப் பழைய நிலைக்குத் திரும்பும் கட்டளை. அது தவறு செய்கிறவர்களுக்கானது. அரசு நடுவத்தில் தவறு நடக்க வழியில்லை. ஆகவே அந்தக் கட்டளையை நாம் நீக்கிவிட்டோம்."

நீக்கிய முறை எளிமையானது. கணினியின் விசைப்பலகையில் அந்தக் கட்டளைக்குரிய இசட் என்ற எழுத்தின்மேல், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒட்டப்பட்டிருந்தது.

பிறகு பயிற்சிக்கு மாதிரிப் பொம்மை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆசிரியர்கள் தாங்கள் கொண்டுவந்த ஓவியங்களைக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் இயக்குநரையே வரைந்து வந்திருந்தார்கள். மேலதிகாரியின் கைகால்களை ஆட்டுவது முறையாகாது என்று அவை ஒதுக்கப்பட்டன. வாடிப்பட்டி ஆசிரியை ஸ்ரீஜா வரைந்த மயில், தோகைக்குத் தனி அலுவலர் இல்லாத காரணத்தால் திருப்பித் தரப்பட்டது. மிஞ்சியது கழுதை. கழுதை திரையில் ஏற்றப்பட்டது.

இஸ்மாயில் மகிழ்ச்சியோடு ஜானு மேடத்தின் நாற்காலிக்குப் போனார்.

"மேடம், இந்த அஞ்சாவது காலுக்கும் எலும்பு வைக்கணும்."

"அஞ்சாவது காலா? எங்க பேனல்ல கழுதைக்கு நாலு காலுதான் சார் சேங்ஷன்."

"பிள்ளைங்க வரஞ்சது மேடம். ஒரு புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"நீங்க வாக்குக் குடுக்கலாம் சார், நாங்க எலும்பு குடுக்க முடியுமா? சரி, ஒண்ணு செய்ங்க. அந்தக் காலு எப்ப அசையும்னு காலக்கோட்டுல கேட்டு எழுதி வாங்கியாங்க. யோசிப்போம்."

அவர் ஆண்டிச்சாமியின் நாற்காலிக்குப் போனார். ஆண்டிச்சாமி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிவிட்டுச் சொன்னார்:

"என்ன பாய், வெளையாடுறீகளா? எலும்பே இல்லாத காலு எப்ப அசையும்னு நான் எப்புடிச் சொல்றது? மொதல்ல எலும்ப வாங்கிட்டு வாங்க. அம்புட்டுத்தான்."

இஸ்மாயில் அன்று முழுவதும் இரண்டு நாற்காலிகளுக்கும் இடையே நடந்தார். அந்தக் கூடத்தில் அன்று அசைந்த உருவம் அவர் ஒருவர்தான்.

இவ்விடத்தில் எனக்கு ஒரு குளம் நினைவுக்கு வருகிறது. அந்தக் குளத்துக்குத் தவளை ஒன்று அரசனாக இருந்தது. குளத்தின் நீருக்கு ஒரு மந்திரி, சேற்றுக்கு ஒரு மந்திரி, பாசிக்கு ஒரு மந்திரி. புதிதாகப் பொரிந்த தலைப்பிரட்டை ஒன்று, வாலை ஆட்ட அனுமதி கேட்டு வந்தது. நீர் மந்திரி சேற்றிடம் அனுப்ப, சேறு பாசியிடம் அனுப்ப, பாசி மறுபடியும் நீரிடம் அனுப்பியது. மழைக்காலம் போய் வெயில் வந்தபோது அரசவை கூடி, 'வாலை ஆட்டிக்கொள்' என்று அனுமதி வழங்கியது. அதற்குள் அதன் வால் உதிர்ந்துவிட்டிருந்தது. அரசனுக்கு அதில் வருத்தமில்லை. 'பார், நம் குளத்தில் எவ்வளவு அமைதி!' என்றதாம்.

மறுநாள் தேநீர் இடைவேளை. எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். இஸ்மாயில் மட்டும் மேடைமேல் ஏறினார்.

"சார், எங்க போறீங்க? டீ ஆறுது" என்று ஸ்ரீஜா கூப்பிட்டாள்.

"ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வாரேன்மா."

"என்னத்த சார் சுத்தப் போறீங்க? ஒரே ஒரு ஹாலுதான?"

"ஹால நேத்தே சுத்தியாச்சு. இதுக்குள்ள" என்று அவர் கணினித் திரையைக் காட்டினார்.

மென்பொருளும் ஒரு புதிய இடம்தான்; அதைச் சுற்றிவராமல் அமர்ந்த உறுத்தல் அவருக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. மவுஸைப் பிடித்து, வீட்டில் அறை அறையாகக் கதவைத் திறந்து பார்ப்பதுபோல், ஒவ்வொரு பெட்டியையும் திறந்து எட்டிப் பார்த்து மூடினார். எதையும் இடம் மாற்றவில்லை. ஒரு மூலையில் 'தொங்கவிடு' என்று ஒரு குறிப்பு இருந்தது. அதைத் தேர்ந்தால் அந்த உறுப்புக்கு எலும்பே தேவையில்லையாம். பொம்மையின் தலை அசைந்தால் அது தானாக ஊசலாடுமாம். இஸ்மாயில் இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு ஷிபாவின் காலுக்கு நேராக அந்தக் குறியைப் போட்டார்.

"இப்பத் தலைய ஆட்டுங்க சார், பாப்போம்" என்றாள், அருகில் வந்து நின்ற ஸ்ரீஜா.

அவர் ஆட்டினார். கழுதை ஆடவில்லை. 'முகம் தெரியவில்லை' என்பது மட்டும் மின்னியது. ஸ்ரீஜா கேமராவை உற்றுப் பார்த்தாள். அதன் கண்ணின் நட்ட நடுவில், தொடக்க விழாவன்று வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து இறுகிப் போயிருந்தது. அதன்மேல் குங்குமமும் இருந்தது.

"அய்யய்யோ! கண்ண மூடி வச்சுட்டு முகத்தத் தேடுன்னா அது எங்க சார் தேடும்?" என்று அவள் முந்தானையை எடுத்தாள்.

"ஏ தாயி! தொடாத, தொடாத!" என்று வாசலிலிருந்து ஆண்டிச்சாமி ஓடி வந்தார். "தொடக்க விழாப் பொட்டு அது. இயக்குநர் தன் கையால வச்சது."

"அண்ணே, லென்ஸ் மேல இருக்குண்ணே."

"கண்ணு படக் கூடாதுன்னுதாம்மா கண்ணுலயே வச்சிருக்கு" என்றார் ஆண்டிச்சாமி. பிறகு இஸ்மாயிலின் கை மவுஸின்மேல் இருப்பதைக் கண்டார். "பாய், நீங்க இங்க என்ன செய்றீக?"

"சும்மா சுத்திப் பாத்தேண்ணே."

ஆண்டிச்சாமி ஒன்றும் சொல்லவில்லை. அலுவலர்கள் ஒன்றும் சொல்லாமலிருப்பது, பின்னால் சொல்வதற்காகத்தான்.

அன்று பிற்பகல் விருது விழா. நாட்டிலேயே சிறந்த உயிரூட்டு நடுவம் என்ற விருதை நடுவம் நடுவத்துக்கு வழங்கியது. ஜானு மேடம் கேடயத்தைக் கொடுக்க, இயக்குநர் வாங்கினார். ஆண்டிச்சாமி பொன்னாடை போர்த்த வந்ததால், கேடயத்தைச் சற்று இறக்கி வைக்க இடம் தேடி, அதன் கனத்த மரப் பாதத்தை விசைப்பலகையின் ஓரத்தில் ஊன்றினார். பொன்னாடை ஏறியதும் கேடயத்தை மீண்டும் தூக்கிக்கொண்டு நிழற்படத்துக்குச் சிரித்தார். எல்லாக் கண்களும் நிழற்படக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தன. அதனால் திரையில் நடந்ததை யாரும் காணவில்லை.

பேனல்கள் மறைந்துவிட்டன. எல்லாமே. எலும்பு இல்லை, காலக்கோடு இல்லை, கேமரா இல்லை. பரந்த வெண்ணிறத் திரையின் நடுவே, ஐந்து காலோடு கழுதை மட்டும் தன்னந்தனியாக நின்றது.

விசைப்பலகையின் இடது ஓரத்தில் டேப் என்றொரு விசை உண்டு. அதை ஒருமுறை தட்டினால் பேனல்கள் ஒளிந்துகொள்ளும். மறுபடி தட்டினால் திரும்பி வரும். வேலை செய்கிறவர்கள் திரையில் இடம் கிடைப்பதற்காக அடிக்கடி தட்டுவார்கள். நடுவத்தில் இதுவரை யாரும் வேலை செய்திராததால், இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அலுவலர்கள் பட்ட பாட்டைச் சொல்ல இரக்கமாக இருக்கிறது. பேனல் போனால் பதவி என்னாகும்? ஜானு மேடம் தம் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆண்டிச்சாமி, காலக்கோடு இருந்த வெற்றிடத்தைப் பிரம்பால் தொட்டுக் காட்டி, "இங்கனதான இருந்துச்சு! காலையில கையெழுத்துப் போடும்போது இருந்துச்சே!" என்றார். அவசரக் கூட்டம் கூடியது. மென்பொருளின் கையேட்டிலிருந்து பேனல்களின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சுவர்த் திரையின் ஓரங்களில் ஒட்டுவது என்று முடிவாயிற்று. பயிற்சி தடைபடவில்லை. ஆசிரியர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, தாளில் அச்சான பொத்தானை விரலால் அழுத்திவிட்டு இறங்கினார்கள். முன்னைவிட இது இலகுவாக இருப்பதாகவும் சிலர் கருத்துத் தெரிவித்தார்கள்.

அடுத்தது விசாரணை. பேனல்களைக் காணாமற்போக்கியவர் யார்?

"இந்த பாய்தான் சார். டீ நேரத்துல தனியா உள்ள சுத்துனாரு. நான் என் கண்ணால பாத்தேன்" என்றார் ஆண்டிச்சாமி.

"சுத்தினீர்களா?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார். எது எங்க இருக்குன்னு பாத்தேன். எதையும் எடுக்கல."

"எது எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்கள். இப்போது எதுவும் எங்கேயும் இல்லை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?"

"சார், அவர் தொறந்ததயெல்லாம் மூடிட்டாரு. நானும் கூட நின்னேன்" என்றாள் ஸ்ரீஜா.

"மூடினார் என்று சாட்சியே சொல்லுகிறார்" என்று இயக்குநர் தீர்ப்புக்கு வந்தார். "பயிற்சிக்கு வந்த இஸ்மாயிலின் ஒழுங்கின்மை, அவர் கொண்டுவந்த விலங்கிலேயே வெளிப்படுகிறது. கழுதைக்கு ஐந்து கால்! ஒழுங்கு நடவடிக்கையாக, வரம்பு மீறிய அந்தக் கால் நீக்கப்படுகிறது."

இஸ்மாயில் அதுவரை கை கட்டி நின்றவர், கையை அவிழ்த்துவிட்டார். "சார், என்னையத் தண்டிங்க. வேணும்னா திருப்பி அனுப்புங்க. அந்தக் காலு ஒரு சின்னப் புள்ளையோடது சார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

எலும்பு வைக்கப் பேனல் வேண்டும். அசைக்கப் பேனல் வேண்டும். வெட்டுவதற்கு மட்டும் ஒரு விசை போதும். இயக்குநர் தம் கையாலேயே பச்சைச் செருப்பின்மேல் மவுஸை வைத்து, நீக்கும் விசையை அழுத்தினார். கால் போய்விட்டது. பிறகு திருந்திய கழுதையின் வயிற்றில், கால் இருந்த இடத்தை மறைத்து, நடுவத்தின் சின்னம் பதிக்கப்பட்டது. மூலையில் வட்டத்துக்குள் இயக்குநரின் படம் வந்தது. கடைசியாக, 'இயக்குநர் அவர்களின் அரிய வழிகாட்டுதலில்' என்ற தலைப்பு மேலே ஏறியது.

அன்று மாலை வீட்டுக்கு வந்த இஸ்மாயில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். சைனப் வந்து பார்த்தாள்.

"ஏங்க, எதுக்கு இப்புடி மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்கீங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார். "நாளைக்கு நிறைவு விழா. கைதட்ட ஆளு வேணும்னு எங்க கிளாஸ் பிள்ளைங்கள வேன் வச்சுக் கூப்புட்டுருக்காங்க. ஷிபா வரும். நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நடந்ததச் சொல்லுங்க. அதவிட வேற என்னத்தச் சொல்ல முடியும்?" என்றாள் சைனப்.

மறுநாள் பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்தார்கள். இயக்குநர் உரையைத் தொடங்கினார்: "குழந்தைகளே! உங்கள் கழுதை இங்கே வந்தபோது கட்டுப்பாடற்றதாக இருந்தது. நாங்கள் அதற்கு ஒழுங்கு கற்பித்தோம். இன்று அது உலகத்தின் எந்தக் கழுதையோடும் சமமாக நிற்கிறது!"

சுவர்த் திரையை மூடியிருந்த சீலை விலக்கப்பட்டது. பிள்ளைகள் கழுதையைப் பார்த்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. ஷிபா எழுந்து நின்று, தன் ஆசிரியரைத் தேடித் திரும்பினாள்.

"சார், என் காலு எங்க?"

இஸ்மாயில் வாயைத் திறந்தார். நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றுதான் வந்திருந்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அது வந்து... அது தப்பான காலு பாப்பா" என்று ஆண்டிச்சாமி குறுக்கிட்டு, நிலைமையைச் சமாளிக்க நிறைவு விழாக் கேடயத்தை விரைந்து எடுத்து இயக்குநர் கையில் கொடுத்தார். ஜானு மேடம் பொன்னாடையோடு வந்தார். இயக்குநர் கேடயத்தை முந்தைய நாள் போலவே விசைப்பலகையின் ஓரத்தில் ஊன்றினார்.

பேனல்கள் திரும்பி வந்தன. சுவரில் ஒட்டியிருந்த தாள்களுக்கு அடியிலிருந்து, ஒளி கசிய, எல்லாமே அதனதன் இடத்தில் வந்து நின்றன. கூடம் ஆரவாரித்தது.

"சார்! உங்க வருகைக்கு மரியாதை செஞ்சு எந்திரிச்சு வந்திருக்கு சார்!" என்று ஆண்டிச்சாமி கை கூப்பினார்.

இயக்குநர் புன்னகைக்கத்தான் தொடங்கினார். ஆனால் அவர் கண் கேடயத்தின்மேல் விழுந்தது. மெல்ல அதைத் தூக்கினார். மறுபடி அதே இடத்தில் வைத்தார். பேனல்கள் மறைந்தன. தூக்கினார்; வைத்தார். வந்தன. பொன்னாடை தோளிலிருந்து சரிந்ததை அவர் கவனிக்கவில்லை.

"நேற்றும் நான் இங்கேதான் வைத்தேன்" என்றார். ஒலிபெருக்கி முன்னால் இருந்ததால், அது எல்லோருக்கும் கேட்டது.

"சார், அதையெல்லாம் யாரும் கவனிக்க மாட்டாங்க சார். அடுத்து நன்றியுரை..." என்றார் ஆண்டிச்சாமி, தணிந்த குரலில். அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது.

ஷிபா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இயக்குநர் அவளைப் பார்த்தார். பின்பு மேடையின் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த நடுவத்தின் வரலாற்றில் முதன்முறையாகக் கணினிக்கு முன்னால் அமர்ந்தார்.

"இஸ்மாயில் சார், கொஞ்சம் மேல வாங்க" என்றார். மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது. "தப்பு என் மேல. செய்யாத தப்புக்கு உங்கள நிக்க வச்சுட்டேன், சின்னப் புள்ள காலையும் வெட்டிட்டேன். அந்த அன்டூ எங்க இருக்கு?"

"பிளாஸ்திரிக்குக் கீழ சார்."

அவர் நகத்தால் பிளாஸ்திரியை உரித்தார். அது நன்றாக ஒட்டியிருந்ததால் சற்று நேரமாயிற்று.

"ஆனா சார், ஒண்ணு சொல்லிர்றேன்" என்றார் இஸ்மாயில். "இது பின்னாடி இருந்துதான் ஒவ்வொண்ணாத் திரும்பிப் போகும். காலு வரணும்னா, அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம் மொதல்ல போகணும்."

இயக்குநருக்குப் புரிந்தது. விரலை வைத்தார். 'அரிய வழிகாட்டுதலில்' மறைந்தது. இரண்டாம் முறை விரல் சற்றுத் தயங்கியது. மூலையிலிருந்து அவர் முகம் மறைந்தது. மூன்றாம் முறை, நடுவத்தின் சின்னம் கழுதையின் வயிற்றிலிருந்து விலகியது. நான்காம் முறை அழுத்தியபோது, பச்சைச் செருப்போடு அந்தக் கால் வந்து நின்றது.

"என் காலு!" என்றாள் ஷிபா.

இப்போதும் கழுதை அசையவில்லை. 'முகம் தெரியவில்லை' என்பது மின்னிக்கொண்டிருந்தது. இயக்குநர் இஸ்மாயிலைப் பார்த்தார். இஸ்மாயில் ஸ்ரீஜாவைப் பார்த்தார்.

"கேமராவுல பொட்டு சார். நீங்க வச்சது" என்றாள் ஸ்ரீஜா.

அவர் கீழே கிடந்த பொன்னாடையை எடுத்து, அதன் சரிகை முனையை எச்சில் தொட்டு, கேமராவின் கண்ணைத் துடைத்தார். எச்சரிக்கை அணைந்தது. கழுதை கண் விழித்து அவரைப் பார்த்தது.

இயக்குநர் பிள்ளைகளின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கேமரா அவர் முகத்தை இழந்துவிடும் என்று இஸ்மாயில் காதோடு சொல்லியிருந்தார். ஆகவே கேமராவைப் பார்த்தபடியே கைகளைக் கூப்பி, "பாப்பா, என்னைய மன்னிச்சுரு" என்று மெல்லத் தலை குனிந்தார். சுவரெங்கும் நிறைந்திருந்த கழுதையும் அவ்வளவு பணிவோடு தலை குனிந்தது. தலை தாழ்ந்ததும், எலும்பில்லாத ஐந்தாவது கால் பச்சைச் செருப்போடு முன்னும் பின்னும் ஊசலாடி, எல்லோருக்கும் கையசைப்பதுபோல் அசைந்தது.

கூடம் முழுவதும் சிரிப்பு. ஜானு மேடம் நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டுக் கைதட்டினார். ஆண்டிச்சாமி, கைதட்டலாமா கூடாதா என்று இயக்குநரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

முனைவர் கண்ணுச்சாமி நிமிர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னொரு முறை தலை குனிந்தார்.